கிரைண்டர், ஃபான், பம்ப், ஃபிறிட்ஜ்: உள்ளுக்கை இருக்கிற மோட்டர் எது, எப்பிடிப் பழுதாகும்?

#1 பனங்கூடல்

மோட்டர் எண்டு ஒரே பேரிலை சொன்னாலும் ஒவ்வொரு சாமானுக்குள்ளையும் கிடக்கிறது வேற வேற போல. ஜார் பூட்டி அரைக்கிற கிரைண்டரிலை (மிக்ஸி) பொறி பறக்குது. சீலிங் ஃபான் 5இலை விட்டாலும் மெதுவாத்தான் சுத்துது. கிணத்து மோட்டர் பின்னேரத்திலை உறுமிக்கொண்டு நிக்குது, காலமை ஒழுங்கா இறைக்குது. மூண்டுக்கும் கடையிலை சொல்லுற பதில் "கப்பாசிற்றரை மாத்துங்கோ". கிரைண்டருக்கும் கப்பாசிற்றர் இருக்கோ? திறக்காமல் எந்த வகை மோட்டர் எண்டு பிடிக்க வழி இருக்கோ? தெரிஞ்ச ஆக்கள் விபரமா எழுதுங்கோ.

#2 வைண்டிங்_கொக்குவில்

திறக்கத் தேவையில்லைத் தம்பி, காதும் மூக்கும் காணும்.

கிரைண்டர், ட்றில், வக்கியூம் கிளீனர், தையல் மெஷினுக்குப் பூட்டுற சின்ன மோட்டர் எல்லாம் காபன் மோட்டர், சுத்துற சுருளுக்கு ரெண்டு காபன் கட்டை உரசிக் கரண்ட் குடுக்கிற வகை. போட்டவுடனை கத்தும். காத்துப் போற ஓட்டையாலை பாத்தால் நீலப் பொறி தெரியும். நிப்பாட்டினபிறகு கிட்டப் போனால் மூக்கிலை ஏறுற ஒரு காரமான மணம் இருக்கும்.

சீலிங் ஃபான், மேசை ஃபான், கிணத்து மோட்டர், வெட் கிரைண்டர், பழைய ஃபிறிட்ஜ், ரெண்டு தொட்டி வோஷிங் மெஷின் எல்லாம் இண்டக்‌ஷன் மோட்டர். காபன் இல்லை, பொறி இல்லை, மெல்லிய உறுமல் மட்டும். கப்பாசிற்றர் கதை பெரும்பாலும் இந்தக் கூட்டத்துக்குத்தான்.

உங்கடை கிரைண்டருக்குள்ளையும் ஒரு சின்னக் கப்பாசிற்றர் இருக்கலாம், 0.1 மைக்ரோஃபரட் அளவிலை. அது றேடியோ, டீவியிலை இரைச்சல் வராமல் இருக்கப் போட்டது. கழட்டி எறிஞ்சாலும் மோட்டர் ஓடும். அதை மாத்திப் பொறி நிண்டதா ஆரும் சொன்னால் நம்பாதேங்கோ.

#3 காந்தப்புலம்

வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், பழுதுகள் அதிலிருந்தே விளங்கும்.

இண்டக்‌ஷன் மோட்டரின் றோட்டருக்கு, அதாவது சுழலும் பகுதிக்கு, வெளியிலிருந்து வயர் போவதில்லை. அடுக்கிய இரும்புத் தகடுகளுக்குள் அலுமினியக் கம்பிக் கூடு ஒன்றுதான் இருக்கும். ஸ்டேட்டரில் (அசையாத சுருள் பகுதி) உண்டாகும் சுழலும் காந்தப்புலம் அந்தக் கூட்டில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அந்த மின்னோட்டத்தின் காந்தப்புலம் றோட்டரை இழுத்துச் செல்கிறது. நிக்கொலா டெஸ்லா 1888இல் காப்புரிமை பெற்றது இந்த அமைப்புக்குத்தான். ஆனால் அவரது மோட்டருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்ட (ஃபேஸ்) மின்சாரம் கிடைத்தது. நம் வீடுகளுக்கு வருவதோ ஒற்றைக் கட்டம். அது தனியே புலத்தைச் சுழற்றாது, ஒரே கோட்டில் முன்னும் பின்னும் துடிக்க மட்டும் செய்யும். அதனால் இரண்டாவது சுருள் ஒன்றைப் போட்டு, அதற்குப் போகும் மின்னோட்டத்தைக் கப்பாசிற்றர் மூலம் முன்தள்ளி, சுழற்சியை உண்டாக்குகிறார்கள். கப்பாசிற்றர் செத்தால் மோட்டர் உறுமும், சுற்றாது. கையால் ஒரு சுழற்று கொடுத்தால் எந்தப் பக்கம் தள்ளினீர்களோ அந்தப் பக்கமே ஓடத் தொடங்கும்.

காந்தப்புலம் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்றுகள் 6000ஐ ஸ்டேட்டரின் காந்த முனைகளின் எண்ணிக்கையால் பிரித்தால் வருவது, நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால். இரண்டு முனைக் கிணற்று மோட்டருக்கு 3000, நான்கு முனை மேசை ஃபானுக்கு 1500, பதினாறு முனைச் சீலிங் ஃபானுக்கு 375. றோட்டர் எப்போதும் இதற்குச் சற்றுப் பின்னால்தான் ஓடும். ஆகவே 3000க்கு மேல் இந்த வகையால் நேரடியாகப் போக முடியாது. கிரைண்டருக்கு 15,000க்கு மேல் தேவை, அதனால்தான் அங்கே காபன் மோட்டர்.

காபன் மோட்டரில் ஸ்டேட்டர் சுருளும் சுழலும் ஆமேச்சர் சுருளும் ஒரே வரிசையில் தொடுத்திருக்கும். மின்னோட்டம் விநாடிக்கு 100 தடவை திசை மாறினாலும் இரண்டிலும் ஒரே கணத்தில் மாறுவதால் தள்ளும் திசை மாறாது. பற்றறியிலும் ஓடும், கரண்டிலும் ஓடும்.

#4 அடுக்களை

கிரைண்டரிலை முதலாம் வேகம், மூண்டாம் வேகம் எப்பிடி வருது? 1க்குப் போட்டால் ஓடாது, 3இலை ஓடுது எண்டால் என்ன பிழை? ஒடியல் (காயவைச்ச பனங்கிழங்கு) அரைக்கேக்கை நிண்டு போறதுக்கும் மோட்டருக்கும் சம்பந்தம் இருக்கோ?

#5 வைண்டிங்_கொக்குவில்

அக்கா, ஸ்டேட்டர் சுருளிலை இடையிடை வயர் எடுத்து வைச்சிருக்கும். 1இலை முழுச் சுருளும் வேலை செய்யும், 3இலை கொஞ்சச் சுற்றுத்தான். சுற்றுக் குறைய காந்தம் குறையும், காந்தம் குறைய இந்த வகை மோட்டர் வேகம் கூடும். 3இலை மட்டும் ஓடினால் சுருளின்ரை அந்தக் கூடுதல் பகுதி எங்கையோ அறுந்திருக்கு, இல்லாட்டி சுழற்றுற சுவிச்சிலை தொடுமுனை கருகியிருக்கு. முதல் சுவிச்சைப் பாருங்கோ, அதுதான் மலிவு.

ஒடியல் கல்லு மாதிரி. காய்ஞ்ச ஒடியலையோ விரலி மஞ்சளையோ அப்பிடியே போட்டால் பிளேட் இறுகி ஆமேச்சர் நிண்டிடும். நிண்ட மோட்டர் ஓடுற மோட்டரை விடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், உள்ளுக்கை குளிர் காத்தும் ஓடாது. உரலிலை இடிச்சுச் சின்னனாக்கி, ஜாரிலை பாதிக்கு மேலை போடாமல், 20, 30 விநாடி ஓட்டி நிப்பாட்டி அரையுங்கோ. நல்லதெண்டால் மில்லிலை குடுங்கோ. நிண்டு போனால் அடியிலை இருக்கிற சிவப்புப் பொத்தானை 5 நிமிசம் ஆறவிட்டு அமத்துங்கோ. உடனை உடனை அமத்தினால் அந்தப் பொத்தான் இருக்கிறதிலை அர்த்தமில்லை.

இப்ப பொறிக் கதை. காபன் கொமியுட்டேற்றரிலை (ஆமேச்சர் ஷாஃப்டைச் சுத்தி இருக்கிற செப்புக் கட்டைகள்) உரசுற இடத்திலை மங்கலான நீலப் பொறி கொஞ்சம் வாறது வழமை. செம்மஞ்சளாப் பெரிசா வந்தால் இந்த ஒழுங்கிலை பாருங்கோ:

பிளக்கைக் கழட்டிப்போட்டு ரெண்டு காபனையும் எடுத்து நீளம் அளவுங்கோ. 6 மில்லிமீற்றருக்குக் கீழை எண்டால் ரெண்டையும் சேத்து மாத்த வேணும், ஒண்டை மட்டும் மாத்தக் கூடாது. காபன் நீளமா இருந்தும் பொறி எண்டால் ஸ்பிறிங் சூட்டிலை இளகியிருக்கும், இல்லாட்டி காபன் கூட்டுக்குள்ளை தூசி இறுகிச் சிக்கியிருக்கும்.

அதுவும் சரி எண்டால் கொமியுட்டேற்றரைப் பாருங்கோ. செப்புக் கட்டைகளிலை ஒண்டு, ரெண்டு மட்டும் கறுத்து அரிபட்டிருந்தால் அந்தக் கட்டைக்குப் போற சுருள் அறுந்திருக்கு. பொறி ஒரு வளையமாச் சுத்தி வந்தால் சுருள் ஷோர்ட். மீற்றரை ஓமிலை வைச்சுப் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளுக்கு இடையிலை தொட்டுக்கொண்டு போங்கோ. எல்லாம் ஒரே அளவு காட்ட வேணும். ஒண்டு குதிச்சுக் காட்டினால் ஆமேச்சர் போச்சு. கட்டைக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலை எதுவும் காட்டக் கூடாது. கிரைண்டர் ஆமேச்சரை வைண்டிங் செய்யிறதை விடப் புதுசு வாங்கிப் பூட்டுறது நல்லம். 15,000 வேகத்திலை பலன்ஸ் கொஞ்சம் பிழைச்சாலும் ஷாஃப்டைத் தாங்குற புஷ்ஷை அடிச்சுத் திண்டிடும்.

#6 தீவான்

சீலிங் ஃபானுக்கு 2.5க்குப் பதிலா 4 மைக்ரோஃபரட் கப்பாசிற்றர் போட்டால் நல்ல வேகம் வரும் எண்டு இஞ்சை கனபேர் செய்யினம். சரியோ?

#7 காந்தப்புலம்

வேகம் கொஞ்சம் கூடத்தான் செய்யும். காந்தப்புலத்தின் வேகமான 375ஐத் தாண்டாது, சாதாரணமாக 320, 330இல் ஓடுவது சற்று மேலே போகும், அவ்வளவுதான். அதற்காக இரண்டாவது சுருளுக்கு அளவுக்கு மேல் மின்னோட்டத்தை ஏற்றுகிறீர்கள். சுருள் கம்பியின் மேற்பூச்சு சூட்டில் காய்ந்து உதிரும். மாசியில் போட்டது பங்குனி, சித்திரை வெக்கைக்குள் கருகும்.

#8 வைண்டிங்_கொக்குவில்

உண்மை. ஃபானின்ரை தகட்டிலை 2.5 எண்டால் 2.5தான். பக்கத்திலை 440 வோல்ட் எண்டு இருக்கிறதையும் பாருங்கோ. 230 வோல்ட் லைனுக்கு எதுக்கு 440 எண்டு கேட்டு 250 வோல்ட் கப்பாசிற்றர் போடுறவை இருக்கினம். சுருளும் கப்பாசிற்றரும் சேரேக்கை கப்பாசிற்றருக்குக் குறுக்கை லைனை விடக் கூட வோல்டேஜ் நிக்கும், அது கெதியா வெடிக்கும்.

ஃபான் மெதுவாச் சுத்தினால் ஊகிக்காமல் அளவுங்கோ. கப்பாசிற்றரை வெளியிலை எடுத்து, 10 கிலோ ஓம் றெசிஸ்றர் ஒண்டை ரெண்டு முனையிலையும் சில விநாடி பிடிச்சு வெறுமையாக்கிப்போட்டு, கப்பாசிற்றர் அளக்கிற மீற்றரிலை வைக்கலாம். 2.5க்கு 2.3க்குக் கீழை காட்டினால் மாத்தலாம், 1.8 எண்டால் வேகக் குறைவு கண்ணுக்கே தெரியும்.

கப்பாசிற்றர் சரி எண்டால் றெகுலேற்றரைத் தாண்டி நேரை குடுத்துப் பாருங்கோ. அதுவும் சரி எண்டால் பெயாரிங். பழுது பெயாரிங்கிலையோ சுருளிலையோ எண்டு பிரிக்கிறது சுகம். முழு வேகத்திலை விட்டு சுவிச்சை நிப்பாட்டுங்கோ. சத்தம் அந்தக் கணமே நிண்டால் காந்தச் சத்தம். ஃபான் தானாச் சுத்தி ஓயுமட்டும் கரகரத்தால் பெயாரிங்.

#9 தீவான்

கடற்கரைப் பக்கத்து ஆக்கள் பெயாரிங் மாத்தேக்கை ஒண்டைக் கவனியுங்கோ. சீலிங் ஃபான்களிலை அனேகமா 6201, 6202 தான். நம்பருக்குப் பிறகு டபிள் இசட் எண்டு இருந்தால் தகட்டு மூடி, டூ ஆர்எஸ் எண்டால் றப்பர் மூடி. தகட்டு மூடிக்கு ஓரமா மெல்லிய இடைவெளி இருக்கும், உப்புக் காத்து அதாலை போய்க் கிறீஸைக் கெடுக்கும். றப்பர் மூடிதான் இஞ்சைத்தைக்குச் சரி. கப்பாசிற்றர் வயர் முனைகளும் பச்சை பூக்கும், வருசத்துக்கு ஒருக்கா சுரண்டி இறுக்குங்கோ.

#10 அடுக்களை

மேசை ஃபானுக்கு எண்ணெய் விடலாமோ? தேங்காயெண்ணெய் விட்டால் கொஞ்ச நாள் நல்லாத்தானே ஓடுது.

#11 வைண்டிங்_கொக்குவில்

கொஞ்ச நாள்தான் ஓடும், பிறகு தேங்காயெண்ணெய் பிசினாகி ஷாஃப்டை ஒட்டிப் பிடிக்கும். மேசை ஃபானிலை பொல் பெயாரிங் இல்லை, எண்ணெய் ஊறின வெண்கலப் புஷ் ரெண்டுதான். துரு எடுக்கிற ஸ்பிறேயும் வேண்டாம். அது இருக்கிற எண்ணெயையும் கழுவிப்போட்டு ஆவியாப் போயிடும். செய்யிறதெண்டால் றோட்டரை வெளியிலை எடுத்து, ஷாஃப்டிலை காய்ஞ்ச பிசினை மண்ணெண்ணெய்த் துணியாலை துடைச்சு, புஷ்ஷைச் சுத்தி இருக்கிற கம்பளி வளையத்திலை தையல் மெஷின் ஒயில் நாலைஞ்சு சொட்டு ஊறவிடுங்கோ. திரும்பப் பூட்டேக்கை ஆணிகளை மாறி மாறி இறுக்குங்கோ. ஒரு பக்கத்தை முதல் இறுக்கினால் புஷ் சரிஞ்சு ஷாஃப்ட் பிடிக்கும்.

இன்னொண்டு. மேசை ஃபான் ஒரு சத்தமும் இல்லாமல் செத்தால் சுருளோடை சேத்துக் கட்டியிருக்கிற சூட்டு ஃபியூஸ் போயிருக்கும். அது ஒருக்கா அறுந்தால் அறுந்ததுதான். அதே பாகை, அதே அம்பியர் எழுதினது வாங்கிப் போடுங்கோ. நேரை வயரை முறுக்கி விட்டால் அடுத்த முறை புஷ் இறுகேக்கை பிளாஸ்ரிக் கூடு உருகும், தீயும் பிடிக்கும். புஷ்ஷைத் துப்பரவாக்காமல் ஃபியூஸ் மட்டும் மாத்திறதும் வீண் வேலை. ஃபியூஸ் போனதுக்குக் காரணமே அந்தப் புஷ்தான்.

#12 பனங்கூடல்

கிணத்து மோட்டருக்கு வருவம். காலமை இறைக்குது, பின்னேரம் 6:30க்குப் பிறகு உறுமுது. கப்பாசிற்றர் மாத்தியும் அதேதான். மோட்டர் ஒரு எச்பி, வீட்டிலை இருந்து கிணறு 50 மீற்றர், வயர் 1.5.

#13 காந்தப்புலம்

விடை உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. இண்டக்‌ஷன் மோட்டரின் முறுக்கு விசை வோல்டேஜின் வர்க்கத்தோடு குறையும். 230க்குப் பதில் 200 வந்தால் 76 வீதம், 180 வந்தால் 61 வீதம். எல்லோரும் சமைத்து, லைற் போட்டு, இறைக்கும் நேரத்தில் லேனின் கடைசி வீடுகளுக்கு 200 வருவது புதினமில்லை.

அதோடு வயர். 1.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்பு வயருக்குக் கிலோமீற்றருக்கு 12.1 ஓம். போய்வர 100 மீற்றர், ஆக 1.2 ஓம். ஓடும்போது ஒரு எச்பி மோட்டர் 5 அம்பியர் அளவில் எடுக்கும், இழப்பு 6 வோல்ட்தான், தெரியவே தெரியாது. ஆனால் கிளம்பும் கணத்தில் 25 அம்பியர் இழுக்கும், இழப்பு 30 வோல்ட். 200இல் 30 போனால் 170. முறுக்கு விசை 55 வீதம். காலையில் 230இல் 30 போனாலும் 200 இருக்கும், கிளம்பிவிடும்.

2.5 வயர் போட்டால் இழப்பு 18.5 வோல்ட், 4 போட்டால் 11.5. உங்கள் தூரத்துக்கு 4 போடுவதே என் கருத்து. ஏர்த் வயரைக் குறைக்க வேண்டாம்.

#14 வைண்டிங்_கொக்குவில்

கணக்குச் சரி, ஆனால் வயரை வாங்க முதல் பம்ப் பக்கத்தையும் பாக்க வேணும். எங்கடை சுண்ணாம்புக் கல்லுக் கிணத்துத் தண்ணி இம்பெல்லரிலை (பம்புக்குள்ளை சுத்தித் தண்ணியைத் தள்ளுற சாமான்) வெள்ளையாப் படியும். சின்னப் பம்புகளிலை பித்தளை இம்பெல்லருக்கும் கூட்டுக்கும் இடைவெளி தாள் அளவுதான். கொஞ்சம் படிஞ்சாலே இறுக்கம் கூடும், குறைஞ்ச வோல்டேஜிலை அந்த இறுக்கம் காணும் மோட்டரை நிப்பாட்ட.

மெயினை நிப்பாட்டிப்போட்டுப் பின்பக்க ஃபான் மூடியைக் கழட்டி ஷாஃப்டைக் கையாலை சுத்துங்கோ. ரெண்டு விரலாலை சுத்த வேணும். சிக்கினால் முன்கூட்டைத் திறந்து இம்பெல்லரை எடுத்து, வினாகிரியிலை ஒரு மணித்தியாலம் வைச்சு, பழைய பல் துலக்கியாலை தேய்ச்சுக் கழுவுங்கோ. சுரண்டாதேங்கோ. மாசக்கணக்கா ஓடாமல் கிடந்த பம்பும் இப்பிடித்தான் இறுகும். உறுமவிட்டுக்கொண்டு நிக்கிற ஒவ்வொரு விநாடியும் சுருளுக்குச் சூடு. மூண்டு விநாடிக்குள்ளை கிளம்பாட்டி நிப்பாட்டுங்கோ.

கப்பாசிற்றர் என்ன போட்டனீங்கள்? அரை எச்பிப் பம்புகளிலை பெரும்பாலும் 8 தொடக்கம் 12.5, ஒரு எச்பிக்கு 16 தொடக்கம் 25, 450 வோல்ட். தகட்டிலை எழுதினதுதான் முடிவு. சில மோட்டர்களிலை ரெண்டு கப்பாசிற்றர் இருக்கும். பெரிசு, 100 மைக்ரோஃபரட் அளவிலை, கிளம்ப மட்டும். முக்கால் வேகம் வந்ததும் உள்ளுக்கை இருக்கிற சுழல் சுவிச் அதை வெட்டி விடும். நிப்பாட்டி மோட்டர் ஓயேக்கை "டக்" எண்டு கேக்கிறது அந்தச் சுவிச் திரும்ப விழுற சத்தம். அது ஒட்டிப் பிடிச்சால் பெரிய கப்பாசிற்றர் தொடர்ந்து வேலை செய்து வெடிக்கும். வெடிச்ச கப்பாசிற்றரை மட்டும் மாத்திறவைக்குத் திரும்பத் திரும்ப வெடிக்கிறது இதாலைதான்.

#15 தீவான்

மாரியிலை பம்ப் நனைஞ்சு, கரண்ட் கசிஞ்சால் வெட்டுற ட்ரிப் சுவிச் விழுந்தால்?

#16 காந்தப்புலம்

ட்ரிப் சுவிச்சைத் தாண்டி நேரே தொடுத்து ஓட்டக் கூடாது. 30 மில்லி அம்பியர் கசிவுக்கு விழுகிறது என்றால் மோட்டரின் உடம்புக்குக் கரண்ட் போகிறது, நீங்கள் ஈர நிலத்தில் நிற்கிறீர்கள். சாதாரண மீற்றரின் ஓம் அளவு ஈரத்தைக் காட்டித்தராது. அதன் பற்றறி வோல்டேஜ் போதாது. மின்கசிவு அளக்கும் 500 வோல்ட் மெகர் மீற்றரால் சுருளுக்கும் உடம்புக்கும் இடையே அளக்க வேண்டும். ஒரு மெகா ஓமுக்குக் கீழே என்றால் ஓட்டாதீர்கள். மூடிகளைக் கழற்றி வெயிலில், வெயில் இல்லாவிட்டால் பக்கத்தில் 100 வாற் குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டு இரண்டு நாள் காயவைத்து மீண்டும் அளவுங்கள். ஷாஃப்ட் அடியால் தண்ணீர் சொட்டுகிறதா என்றும் பாருங்கள். அங்கே இருக்கும் சீல் தேய்ந்தால் மழையில்லாமலே பெயாரிங் வழியாக உள்ளே நனையும்.

#17 அடுக்களை

ஃபிறிட்ஜ் ரெண்டு, மூண்டு நிமிசத்துக்கு ஒருக்கா "டிக்" எண்டுது, குளிரில்லை. கொம்பிறஷர் போச்சோ?

#18 பழைய_றேடியோ

உடனை அப்பிடி முடிவெடுக்காதேங்கோ. கொம்பிறஷருக்கு உள்ளையும் இண்டக்‌ஷன் மோட்டர்தான், ஒயிலோடையும் வாயுவோடையும் சீல் பண்ணியிருக்கும். பக்கத்துப் பிளாஸ்ரிக் மூடிக்குள்ளை ரெண்டு சாமான்: கிளம்புறதுக்கு ஒரு பிரிசி றிலே, சூட்டுக்கு வெட்டுற ஓவர்லோட். பிரிசி ஆறியிருக்கேக்கை கரண்டை விடும், சூடாகினதும் தானா அடைச்சுக்கொள்ளும். கரண்ட் நிண்டு உடனை வந்தால் அது இன்னும் ஆறியிருக்காது, குழாயிலை அமுக்கமும் இறங்கியிருக்காது. மோட்டர் கிளம்பாது, ஓவர்லோட் "டிக்" எண்டு வெட்டும். ஒருக்கா ரெண்டுதரம் நடந்தால் வழமை. அதுக்குத்தான் 3 தொடக்கம் 5 நிமிசம் பிந்திக் கரண்ட் விடுற பாதுகாப்புக் கருவி (காட்) போடுறது.

நிக்காமல் டிக் டிக் எண்டால் பிளக்கைக் கழட்டி, றிலேயை இழுத்தெடுத்துக் காதுக்குக் கிட்ட ஆட்டுங்கோ. உள்ளுக்கை கலகலத்தால் சில்லு உடைஞ்சிட்டுது, றிலே மட்டும் மாத்தினால் காணும். பிறகு கொம்பிறஷரின்ரை மூண்டு முனைக்கும் இடையிலை ஓம் அளவுங்கோ. மூண்டு அளவிலை பெரிசு, மற்ற ரெண்டின்ரை கூட்டுத்தொகையா இருக்க வேணும். முனைக்கும் உடம்புக்கும் இடையிலை ஒண்டும் காட்டக் கூடாது. இது சரி, றிலே, ஓவர்லோட் சரி, வோல்டேஜும் சரி, எண்டாலும் கிளம்பேல்லை எண்டால்தான் உள்ளுக்கை இறுகியிருக்கு எண்டு சொல்லலாம்.

மூண்டு அளவும் ஒரே மாதிரி வந்தால் அது எலக்ட்ரோனிக் போட்டாலை ஓடுற இன்வேட்டர் கொம்பிறஷர். நேரை 230 குடுத்துச் சோதிக்கிற வேலையை அதிலை செய்யாதேங்கோ, அந்த இடத்திலையே எரியும். தகட்டிலை ஆர் 600 ஏ எண்டு இருந்தால் உள்ளுக்கை இருக்கிறது பத்தக்கூடிய வாயு. குழாயிலை நெருப்புப் பிடிக்கிற வேலை வீட்டிலை வேண்டாம்.

#19 பனங்கூடல்

புதுசா வாற பிஎல்டிசி (காபன் இல்லாத டீசி மோட்டர்) ஃபானும் அந்த இன்வேட்டர் வகைதானோ?

#20 பழைய_றேடியோ

ஓம். றோட்டரிலை நிரந்தரக் காந்தம், ஸ்டேட்டரிலை மூண்டு சுருள், எந்த நேரம் எந்தச் சுருளுக்குக் கரண்ட் விடுறது எண்டு எலக்ட்ரோனிக் போட் தீர்மானிக்கும். காந்தத்தை உண்டாக்கக் கரண்ட் செலவில்லை, றோட்டர் பிந்தி ஓடுறதுமில்லை. அதாலை பழைய ஃபான் 75 வாற் எடுக்கிற இடத்திலை இது 30 வாற் அளவிலை நிக்கும். வோல்டேஜ் 180க்கு இறங்கினாலும் வேகம் மாறாது, லேன் கடைசி வீடுகளுக்கு இந்த ஃபானை வாங்க இதுவே காரணமாக் காணும்.

மோட்டர் பழுதாகிறது அருமை, போட்தான் போகும், அதுவும் இடி மின்னலிலை. மின்னினால் சுவிச்சை மட்டும் நிப்பாட்டாமல் மெயினை விழுத்துங்கோ. பழைய றெகுலேற்றரையும் இதுக்குத் தொடுக்கக் கூடாது. சுவரிலை இருந்தால் வெளியிலை எடுத்துப்போட்டு நேரை சுவிச் மட்டும் வையுங்கோ. வாங்கேக்கை போட் தனியாக் கிடைக்குமோ எண்டு கடையிலை கேளுங்கோ. கிடைக்காட்டி அந்த ஃபானை நான் எடுக்கமாட்டன்.

மைக்ரோவேவ் தட்டைச் சுத்துறது இன்னொரு குட்டிக் காந்த மோட்டர். ஒருக்கா இடப்பக்கம், ஒருக்கா வலப்பக்கம் சுத்தினால் பழுதில்லை, அது அப்பிடித்தான். ஆனால் அந்த மெஷினின்ரை மேல் மூடியை வீட்டிலை திறக்காதேங்கோ. பிளக்கைக் கழட்டினபிறகும் உள்ளுக்கை இருக்கிற கப்பாசிற்றரிலை ஆளைக் கொல்லுற வோல்டேஜ் நிக்கும்.

#21 பனங்கூடல்

அளந்து பாத்தாச்சு. ஃபான் கப்பாசிற்றர் 1.7. பம்ப் ஷாஃப்ட் சுகமாச் சுத்துது. பின்னேரம் கிணத்தடியிலை 198 வோல்ட், கிளம்பேக்கை 168. கிரைண்டர்க் காபன் ஒண்டு 5 மில்லிமீற்றர், மற்றது 4, கொமியுட்டேற்றர் அளவுகள் எல்லாம் ஒரே மாதிரி. புதுக் காபன் வாங்கினாச்சு, நேரை பூட்டி அரைக்கலாமோ?

#22 வைண்டிங்_கொக்குவில்

ஃபானுக்கு 2.5 போடுங்கோ, கிணத்துக்கு வயரை மாத்துங்கோ, மோட்டரிலை பிழையில்லை.

காபனை உடனை பூட்டி அரைக்காதேங்கோ. புதுக் காபன்ரை முகம் தட்டை, கொமியுட்டேற்றர் வளைவு. நைசான கிளாஸ் பேப்பரைக் கொமியுட்டேற்றரிலை மணல் பக்கம் வெளியிலை பாக்கச் சுத்தி, காபனை மேலை வைச்சு, ஆமேச்சரைக் கையாலை சுத்தும் பக்கத்துக்கு மட்டும் சுத்துங்கோ, முகம் முழுக்க வளைவு பிடிக்கும் மட்டும். எமறித் தாள் வேண்டாம், அதின்ரை துகள் கட்டைகளுக்கு இடையிலை போய் ஷோர்ட் ஆக்கும். தூசியை ஊதித் துடைச்சு, கட்டைகளுக்கு இடைப்பட்ட வெட்டுகளிலை கரி நிண்டால் மெல்லிய தடியாலை எடுங்கோ. பிறகு ஜார் இல்லாமல் 1ஆம் வேகத்திலை ரெண்டு நிமிசம் விட்டுப் பொறி குறையுதோ எண்டு பாத்து, முதல் நாள் தேங்காய்ச் சம்பல் மாதிரி லேசானதை மட்டும் அரையுங்கோ.